ஜிஎஸ் போனது, இஎஸ் வந்தது: ஒரு சொகுசு காருக்குள் இருக்கும் இயற்பியல்



ஒரு கார் நிறுவனம் தன் பட்டியலிலிருந்து ஒரு காரை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தால், அது பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் நான்கு வரியில் வரும். அறிவியல் பக்கத்தில் அதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த வாரம் அப்படி ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன என்று பார்ப்போமா?

டொயோட்டா நிறுவனத்தின் சொகுசு கார்ப் பிரிவுதான் லெக்சஸ். 1989-இல் அமெரிக்காவில் இரண்டு செடான் கார்களோடு அது அறிமுகமானது. ஒன்று எல்எஸ் 400, மற்றொன்று இஎஸ் 250. நான்கு கதவுகளும் பின்னால் தனிப் பொருள் பெட்டியும் கொண்ட காரைத்தான் செடான் என்கிறோம். அமெரிக்காவில் நன்றாக விற்ற இஎஸ், பின்னர் நம் வட்டாரத்திற்கும் வந்தது. மலேசிய, சிங்கப்பூர் சாலைகளில் நீங்களே அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் மேற்கு ஐரோப்பாவில் அது பல்லாண்டுகள் விற்கப்படவே இல்லை. அங்கே ஜிஎஸ் என்ற வேறொரு செடான் இருந்தது.

2018-இல் நிலைமை மாறியது. மேற்கு, மத்திய ஐரோப்பிய நாடுகளில் ஜிஎஸ் விற்பனையை லெக்சஸ் முடித்துக்கொண்டது. அந்த இடத்திற்கு ஏழாம் தலைமுறை இஎஸ் வந்தது. மேற்கு ஐரோப்பாவில் அது இஎஸ் 300எச் என்ற ஹைப்ரிட் வடிவில் மட்டுமே விற்பனைக்கு வந்தது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள சொகுசு செடான்கள்தாம். ஆனால் ஜிஎஸ் பின்சக்கரங்களால் உந்தப்படும் கார்; இஎஸ் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார். ஜிஎஸ் குடும்பத்தில் 5 லிட்டர் வி8 எஞ்சின் பூட்டிய ஜிஎஸ் எஃப் என்ற வேகக் காரும் இருந்தது. ஐரோப்பாவுக்குப் போன இஎஸ் காரிலோ 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. ஏன் இந்த மாற்றம்? விடையின் பெரும் பகுதி ஓர் எண்ணில் இருக்கிறது.

சட்டத்தில் இருக்கும் எண்: 95

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் ஒரு விதியை இயற்றியது. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் விற்கும் புதிய கார்கள் அனைத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு, வெளியாகலாம் என்பதுதான் அந்த விதி. ஐரோப்பா முழுமைக்குமான இலக்கு 2015-இல் 130 கிராம். 2020-ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2021-இல் முழுமையான அடுத்த இலக்கு 95 கிராம்.

95 கிராம் என்றால் எவ்வளவு பெட்ரோல்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 750 கிராம். அதில் ஏறத்தாழ 640 கிராம் கார்பன். மீதம் பெரும்பாலும் ஹைட்ரஜன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு உயிர்வளி அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் அணுநிறை 12, உயிர்வளியின் அணுநிறை 16. ஆக, 12 கிராம் கார்பன் 44 கிராம் கரிவளியாகிறது. 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் சுமார் 2,350 கிராம் வரும். பெட்ரோலின் தரத்திற்கு ஏற்ப இது சிறிது மாறும் என்பதால், லிட்டருக்கு 2.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முக்கால் கிலோ எரிபொருளிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கும் மேலான வாயுவா என்று வியக்க வேண்டாம். கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்த உயிர்வளி.

இப்போது திருப்பிப் போடுங்கள். கிலோமீட்டருக்கு 95 கிராம் என்றால் 100 கிலோமீட்டருக்கு 9.5 கிலோ. அதை 2.3-ஆல் வகுத்தால் 4.1 லிட்டர். ஒரு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டர் ஓட 4.1 லிட்டர்தான் குடிக்கலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். பெரிய சொகுசு காருக்கு இது மிகக் கடினமான தேர்வு.

தேர்வில் தவறினால் அபராதம் உண்டு. இலக்கைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ. ஒரு நிறுவனம் 1,00,000 கார்கள் விற்று, தன் சராசரியில் 5 கிராம் தாண்டிவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். 5-ஐயும் 95-ஐயும் 1,00,000-ஐயும் பெருக்கினால் 4 கோடியே 75 லட்சம் யூரோ! எஞ்சினை வடிவமைக்கும் பொறியாளரின் மேசைக்கு இந்த எண்ணும் வந்துவிடுகிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு நெளிவு இருந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே 95 அல்ல. 2024 வரை, ஒரு நிறுவனம் விற்ற கார்களின் சராசரி எடை கூடினால், அதற்குரிய இலக்கும் சற்றே தளர்ந்தது. இதை நினைவில் வையுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

டீசல் தந்த பழைய விடை

ஐரோப்பாவின் பெரிய செடான் கார்களுக்கு நெடுங்காலம் டீசல் கைகொடுத்தது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். இதனால் அதன் செயல்திறன் அதிகம்; கிலோமீட்டருக்கு வெளியாகும் கரிவளி குறைவு. லெக்சஸ்கூட 2000களின் நடுவில் ஐஎஸ் 220டி என்ற டீசல் செடானை ஐரோப்பாவில் விற்றது.

ஆனால் அதிக வெப்பமும் அழுத்தமும் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. காற்றில் இருக்கும் நைட்ரஜனும் உயிர்வளியும் அந்தச் சூட்டில் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இவை நம் நுரையீரலுக்குக் கேடு. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் இருந்த ஒரு மென்பொருள், சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் நச்சு வாயுக்களைக் கட்டுப்படுத்தியது. சாலையில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. அதன்பின் ஐரோப்பாவில் டீசல் கார்களின் பங்கு சரியத் தொடங்கியது.

கரிவளியும் குறைய வேண்டும், டீசலும் வேண்டாம் என்றால் மிஞ்சும் வழிகளில் ஒன்று ஹைப்ரிட். லெக்சஸ் அந்த வழியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஜிஎஸ் காரிலும் ஹைப்ரிட் வகைகள் இருந்தன. அதனால் ஹைப்ரிட் என்ற ஒரு சொல் மட்டும் இந்த மாற்றத்தை விளக்கிவிடாது. காரின் உடலமைப்பையும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஜிஎஸ் காரில் எஞ்சின் நெடுக்காக, அதாவது காரின் நீளத்திற்கு இணையாக, வைக்கப்பட்டிருந்தது. அதன் சுழற்சி ஒரு நீண்ட தண்டின் வழியாகக் காரின் அடியில் பின்னால் போகும். அங்கே பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை 90 பாகை திருப்பிப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் உராய்வால் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகும். தண்டுக்கும் எடை உண்டு. அது செல்ல, காரின் தரை நடுவில் மேடாக இருக்க வேண்டும்.

இஎஸ் காரில் எஞ்சின் குறுக்காக இருக்கிறது. அது சுழலும் அச்சும் முன்சக்கரங்களின் அச்சும் இணையானவை. அதனால் நீண்ட தண்டும் வேண்டாம், 90 பாகைத் திருப்பமும் வேண்டாம். முன்பகுதி குட்டையாக அமைவதால், பயணிகள் கால் நீட்ட இடம் கூடுகிறது.

அப்படியானால் பின்சக்கர உந்துதலைச் சொகுசு கார்கள் ஏன் விரும்புகின்றன? நீங்கள் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது அது சட்டென்று கிளம்பினால் உங்கள் உடல் பின்னால் சாய்கிறது அல்லவா? அதற்குக் காரணம் நிலைமம். காரும் அப்படித்தான். வேகமெடுக்கும்போது காரின் பாரம் பின்சக்கரங்களின் மீது அதிகமாக இறங்குகிறது. பாரம் கூடினால் உராய்வு கூடும். டயர் சாலையை நன்றாகப் பற்றும். முன்சக்கரங்களோ அந்த நேரத்தில் பாரம் குறைந்து நிற்கின்றன. அதோடு காரைத் திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் அவற்றின் தலையிலேயே விழுகின்றன. ஒரே கையில் குடையையும் புத்தகப் பையையும் பிடிப்பது போல.

ஆகவே இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. வளைவான மலைப்பாதையில் விரைந்து ஓட்ட விரும்புகிறவர் ஜிஎஸ் காரையே தேடுவார். அமைதியாகவும் சிக்கனமாகவும் தொலைதூரம் போக நினைக்கிறவருக்கு இஎஸ் பொருந்தும்.

இதில் வணிகக் கணக்கும் இருக்கிறது. இஎஸ் காரின் அடித்தளம் டொயோட்டா கேம்ரியின் அடித்தளத்தோடு ஒரே குடும்பம். இலட்சக்கணக்கில் தயாராகும் பாகங்களைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடிஸ் இ கிளாஸ் போன்ற கார்கள் கோலோச்சும் ஐரோப்பாவில், குறைவாக விற்கும் ஒரு காருக்காகத் தனி அடித்தளத்தைக் கட்டிக் காப்பது எளிதல்ல.

கரும்பை இன்னொரு முறை பிழிவது

இப்போது எஞ்சினுக்குள் நுழைவோம். இஎஸ் 300எச் எஞ்சினின் வெப்பச் செயல்திறன் உச்சநிலையில் 41 விழுக்காடு என்று டொயோட்டா கூறுகிறது. பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு 100 ஜூல் ஆற்றலிலும் 41 ஜூல் வேலையாக மாறுகிறது என்று பொருள். மீதம் 59 ஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. 'பாதிகூட இல்லையே!' என்று தோன்றுகிறதா? பெட்ரோல் எஞ்சின் உலகில் இது சிறந்த மதிப்பெண்.

இந்தத் திறனுக்கு அடிப்படையான எண்ணம் 1882-இல் பிறந்தது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் தந்த எண்ணம் அது. வழக்கமான நான்கு வீச்சு எஞ்சினில், பிஸ்டன் எரிகலவையை எவ்வளவு தூரம் அழுத்துகிறதோ, எரிந்த வாயு அதே அளவு தூரம்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிறகு வால்வு திறந்து வாயு வெளியே போய்விடும். ஆனால் அந்த வாயுவில் இன்னும் அழுத்தம் மிச்சம் இருக்கிறது! சாலையோரக் கடையில் கரும்புச் சாறு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை பிழிந்ததும் சக்கையை எறிவதில்லை. மடித்து மறுபடியும் எந்திரத்தில் விடுவார்கள். அழுத்தும் தூரத்தைவிடத் தள்ளும் தூரத்தை அதிகமாக்கினால், எரிந்த வாயுவிலிருந்தும் அப்படி மிச்சத்தைப் பிழியலாம் என்று அட்கின்சன் கண்டார்.

அவர் இதற்குச் சிக்கலான நெம்புகோல்களைப் பயன்படுத்தினார். இன்றைய எஞ்சின்கள் எளிய உத்தி ஒன்றைக் கையாளுகின்றன. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்கின்றன. உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது. வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. எரிந்த வாயுவோ பிஸ்டனை முழுத் தூரமும் தள்ளுகிறது.

ஆனால் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று குறைந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கிடைக்கும் விசையும் குறையும். சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது இந்த எஞ்சின் மட்டும் இருந்தால் கார் சோம்பலாக நகரும். அந்தக் குறையை மின்மோட்டார் தீர்க்கிறது. சுழற்சி வேகம் சுழியமாக இருக்கும்போதே மின்மோட்டார் முழு முறுக்குவிசையைத் தரும். இருவர் சேர்ந்து செய்யும் குழுப்பாடம் போல, ஒருவருக்கு வராததை மற்றவர் செய்கிறார். இரண்டும் சேர்ந்து அதிகபட்சமாக 160 கிலோவாட் திறன் தருகின்றன.

பிரேக் பிடிக்கும்போது எங்கே போகிறது ஆற்றல்?

பயணிகளோடு சேர்த்து ஒரு காரின் நிறை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. இயக்க ஆற்றலின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 900-ஐ 400-ஆல் பெருக்கினால் 3,60,000 ஜூல்.

சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் இந்த 3,60,000 ஜூலும் பிரேக் தட்டுகளைச் சூடாக்கிவிட்டுக் காற்றில் கலந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் ஆற்றல் உண்டு. எஞ்சின் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்றால், அந்த வேகத்திற்கு வர 30 மில்லிலிட்டருக்கும் சற்று மேல் பெட்ரோல் எரிந்திருக்கும். அது இரண்டு மேசைக்கரண்டி அளவு. நகர நெரிசலில் எத்தனை முறை நின்று நின்று போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஹைப்ரிட் காரில் பிரேக்கை மிதித்ததும் மின்மோட்டார் தன் வேலையைத் தலைகீழாக மாற்றிக்கொள்கிறது. சக்கரம் அதைச் சுழற்ற, அது மின்சாரம் ஆக்கும் எந்திரமாகி மின்கலத்தில் ஆற்றலைச் சேமிக்கிறது. எல்லாமே திரும்பக் கிடைக்காது; ஆனால் ஒரு நல்ல பகுதி கிடைக்கும். அடுத்த முறை கிளம்பும்போது அதே ஆற்றல் காரைத் தள்ளும். இஎஸ் காரின் முந்தைய ஹைப்ரிட் வடிவத்தில் மின்கலம் பின்னிருக்கைக்குப் பின்னால் இருந்து பொருள் பெட்டியின் இடத்தைப் பிடித்தது. 2018-இல் வந்த காரில் அது பின்னிருக்கையின் அடிக்குப் போய்விட்டது.

கதையின் மறுபக்கம்

இதுவரை படித்ததைக் கொண்டு, 'சட்டம் வந்தது, அறிவியல் விடை தந்தது, எல்லாம் சுபம்' என்று முடித்துவிடலாமா? முடியாது. 2020-இல் லெக்சஸ் தன் சிறிய செடானான ஐஎஸ் காரையும் ஐரோப்பியப் பட்டியலிலிருந்து எடுத்தது. புதுப்பிக்கப்பட்ட ஐஎஸ் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போனது. மேற்கு ஐரோப்பாவுக்குப் போகவில்லை. வாங்குவோரின் விருப்பம் உயரமான எஸ்யூவி கார்களின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இங்கேதான் இயற்பியல் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. வேகமாகப் போகும் காரின் பெரும் எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு விசை காரின் முன்பரப்பைப் பொறுத்தது, வடிவத்தைப் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 60-லிருந்து 120 ஆனால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மற்றவை மாறாமல் முன்பரப்பு மட்டும் 20 விழுக்காடு கூடினால் எதிர்ப்பும் 20 விழுக்காடு கூடும். தாழ்வான செடான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். உயரமான கார் காற்றோடு மல்லுக்கு நிற்கும். எடையும் கூடினால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கூடுதல் ஆற்றல் வேண்டும்.

எடை கூடினால் இலக்கு சற்றே தளர்ந்தது என்று முன்பு பார்த்தோமே, அதை இப்போது இதனோடு பொருத்திப் பாருங்கள். அட்கின்சன் எஞ்சினும் ஹைப்ரிட் மோட்டாரும் பாடுபட்டுச் சேமித்த பெட்ரோலில் ஒரு பகுதியை, காரின் உயரமும் எடையும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. பொறியாளர் ஒரு கையால் கொடுப்பதை, வாங்கும் நாம் மறு கையால் பறித்துவிடுகிறோம்.

காலம் அடுத்த கட்டத்திற்கும் நகர்ந்துவிட்டது. புதிய கார்களின் புகைக்குழாயிலிருந்து வெளியாகும் கரிவளியை 2035-க்குள் சுழியமாக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றியது. அதைத் தளர்த்த வேண்டும் என்ற வாதமும் தொடர்கிறது. 2025 ஏப்ரலில் ஷாங்காயில் அறிமுகமான எட்டாம் தலைமுறை இஎஸ், ஹைப்ரிட்டாக மட்டுமன்றி முழு மின்சாரக் காராகவும் வந்திருக்கிறது. மின்காரின் பின்னால் புகைக்குழாய் இல்லை. ஆனால் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி உண்டு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. மலேசியாவில் நிலக்கரியும் எரிவாயுவும் பெரும்பங்கு வகிக்கின்றன. புகை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இத்தகைய விதிகள் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரில் 2018 சனவரி முதல், புதிய கார் வாங்குவோர் அது வெளியிடும் கரிவளியையும் வேறு நான்கு மாசுகளையும் பொறுத்துத் தள்ளுபடி பெறுகிறார்கள் அல்லது கூடுதல் கட்டணம் செலுத்துகிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பெட்ரோல் கார் இருந்தால், அடுத்த முறை அப்பாவோ அம்மாவோ எண்ணெய் நிலையத்தில் தொட்டியை நிரப்பும்போது, கார் ஓடிய மொத்தக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, இடையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள்.

லிட்டரைக் கிலோமீட்டரால் வகுத்து 100-ஆல் பெருக்கினால், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். அதை 23-ஆல் பெருக்குங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரிவளி என்று வந்துவிடும். எடுத்துக்காட்டாக, 500 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் என்றால், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர். 8-ஐ 23-ஆல் பெருக்கினால் 184 கிராம்.

உங்களுக்கு வரும் எண்ணை 95-ஓடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். 95 என்பது சோதனைக்கூடத்தில் அளக்கப்பட்ட எண். உங்களுடையது நெரிசலும் குளிரூட்டியும் சேர்ந்த உண்மையான சாலையின் எண். எனவே உங்களுடையது கூடுதலாகத்தான் இருக்கும். டயரில் காற்றைச் சரியாக நிரப்பி, பொருள் பெட்டியில் தேவையின்றிக் கிடக்கும் சுமையை இறக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். எண் குறைந்ததா? எத்தனை கிராம்? குறிப்பேட்டில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.